கம்பிக்கு 916 கிடையாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு உங்கள் வீடு கட்டுவோர் பக்கத்தில் கம்பி வாங்குவது பற்றி ஒரு குறிப்பு போட்டிருந்தீர்கள். கம்பியில் எஃப்.இ. 500 என்று இருந்தால் அது இரும்பின் தூய்மையைக் காட்டுகிறது, எண் ஏற ஏற தூய்மையும் ஏறும், சுத்தமான இரும்பில் செய்த கம்பியாகப் பார்த்து வாங்குங்கள் என்று அதில் இருந்தது. சிரித்துவிட்டு விட்டிருப்பேன். ஆனால் மத்தியானத்துக்குள் என் தங்கை வீட்டுக்காரர் அந்தப் பக்கத்தையே படம் எடுத்து எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி, “மச்சான், அப்ப 550 வாங்கிட்டா இன்னும் சுத்தமா இருக்குமா?” என்று கேட்டுவிட்டார். போன மாதம்தான் அவர் வீட்டு சன்ஷேடு பெயர்ந்து விழுந்தது. அதனால்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளம்தான். வெட்டுவதானால் வெட்டுங்கள், பரங்கிப்பேட்டைக் கதையை மட்டும் விட்டுவையுங்கள்.

நான் இன்ஜினியர் இல்லை. கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் ஓர் இரும்புக் கடையில் 31 வருஷம் பில் போட்டவன். இரும்படிக்கிற இடத்தில் ஈக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். ஈ 31 வருஷமும் அங்கேயேதான் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தது சார்.

முதலில் அந்த எஃப்.இ. விவகாரம். அது ஃபெர்ரம், லத்தீனில் இரும்பு. பள்ளிக்கூடத்து வேதியியல் புத்தகத்தில் 26-ஆம் எண் போட்டு ஒரு கட்டத்தில் உட்கார்ந்திருக்குமே, அதேதான். பக்கத்தில் இருக்கும் 500-க்கும் தூய்மைக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஒரு சதுர மில்லிமீட்டர் கம்பியை 500 நியூட்டன் விசையில், அதாவது சுமார் 51 கிலோ எடையைக் கட்டித் தொங்கவிட்ட மாதிரி இழுத்தாலும், விட்டவுடன் பழைய நீளத்துக்கே வந்துவிடும் என்று அர்த்தம். அதற்கு மேல் இழுத்தால் நீண்டது நீண்டதுதான். 12 எம்எம் கம்பிக்கு இந்தக் கணக்கைப் போட்டால் ஐந்தே முக்கால் டன் வரும். ஒற்றைக் கம்பி, விரல் தடிமன்தான், அதில் ஐந்தே முக்கால் டன். இந்தக் கணக்கை முதல் தடவை போட்டுப் பார்த்த அன்றைக்கு எனக்கே பிரமிப்பாக இருந்தது.

சரி, இந்தக் குழப்பம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். நகைக்கடையிலிருந்து வருகிறது. தங்கத்தில் 916 என்றால் ஆயிரத்துக்கு 916 பங்கு தங்கம். நகைக்கு ஹால்மார்க் கொடுக்கிற அதே இந்தியத் தர நிர்ணய அமைவனம்தான் கம்பிக்கு ஐஎஸ்ஐ முத்திரையும் கொடுக்கிறது. அப்புறம் ஜனங்கள் என்ன நினைப்பார்கள்? கடைக்கு வருகிறவர்களில் பத்துக்கு நாலு பேராவது “சுத்தமான இரும்புதானே?” என்று கேட்பார்கள். முதலாளி “பியூர் சார், பியூர்” என்பார். நானும் தலையை ஆட்டுவேன். வியாபாரம் அப்படி. இத்தனைக்கும் நகையிலேயே 24 காரட்டை வைத்துக்கொண்டு வளையல் செய்ய முடியாது, வளைந்துவிடும் என்றுதான் ஆசாரி செம்பு சேர்க்கிறார். இரும்புக்கும் அதே கதைதான்.

சுத்தமான இரும்பு மென்மையானது. அதை நீட்டிக் கம்பியாக்கி ஒட்டுக்குள், அதாவது கான்கிரீட் தளத்துக்குள் போட்டால், இன்று கடையில் விற்கும் டிஎம்டி கம்பியின் (தண்ணீர் பீய்ச்சி இறுக்கியது, பின்னால் சொல்கிறேன்) பாதி பலம்கூட வராது. நீங்கள் கட்டட வேலை நடக்கும் இடத்துக்குப் போயிருந்தால் பார்த்திருப்பீர்கள், கம்பி கட்டுகிறவர் இடுப்பில் ஒரு கத்தை கட்டுக்கம்பி சொருகியிருப்பார், கொக்கியால் இரண்டு சுற்று சுற்றினால் முடிச்சு விழுந்துவிடும். கரி மிகக் குறைவாக இருக்கிற இரும்பை மெல்லிசாக இழுத்து, நெருப்பில் வாட்டி இளக்கிய கம்பி அது. மொத்தக் கட்டடத்திலும் சுத்த இரும்புக்கு மிகப் பக்கத்தில் இருக்கும் பொருள் அந்தக் கட்டுக்கம்பிதான். அதன் வேலை மற்ற கம்பிகளைக் கான்கிரீட் கொட்டும் வரை நகராமல் பிடித்துக்கொள்வது, அவ்வளவுதான். வீட்டைத் தாங்கும் வேலையை யாரும் அதனிடம் கொடுப்பதில்லை.

வீட்டைத் தாங்குகிற கம்பியில் கரி இருக்கிறது. அதாவது கார்பன். எஃப்.இ. 500 வகையில் அதிகபட்சம் 0.30 சதவீதம், 500டி வகையில் (டி என்றால் இழுபடும் குணம் கூடிய ரகம்) 0.25. கேட்டால் ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கும், ஒரு கிலோ கம்பிக்கு மிஞ்சிப்போனால் மூன்று கிராம். இரும்பின் அணுக்கள் வரிசை வரிசையாக ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிக்கொண்டு போவதால்தான் சுத்த இரும்பு வளைந்து கொடுக்கிறது. கார்பன் அணு சின்னது, அந்த இடுக்குகளில் போய் உட்கார்ந்துகொண்டு வழுக்க விடாமல் தடுக்கிறது, கட்டில் காலுக்குக் கீழே சொருகிய மரத்துண்டு மாதிரி. கொஞ்சம் கூடினால் இன்னும் கடினம். ரொம்பக் கூடினால் உடையும். வீட்டிலேயே பார்க்கலாம். வார்ப்பிரும்பு தோசைக்கல்லில் கார்பன் இரண்டு சதவீதத்துக்கு மேல், பெரும்பாலும் மூன்றுக்கு மேலேயே இருக்கும், அதனால்தான் கை தவறிச் சிமென்ட் தரையில் போட்டால் இரண்டாகப் பிளக்கிறது. என் அம்மா காலத்துத் தோசைக்கல் அப்படித்தான் போனது. அப்புறம் எவர்சில்வர் சொம்பு. நல்ல ரகத்தில் 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல், மீதி 70 சதவீதத்துச் சொச்சம்தான் இரும்பு. வீட்டில் இருப்பதிலேயே கலப்படம் மிகுந்த இரும்பு அதுதான், துருப்பிடிக்காமல் பளபளவென்று இருப்பதும் அதுதான். தூய்மை பார்த்தால் கம்பியில் இருப்பது 98 சதவீதம் இரும்பு சார், சொம்பைவிட எவ்வளவோ மேல். துருவும் அதற்குத்தான் முதலில் பிடிக்கிறது.

தமிழில் இதற்கெல்லாம் தனித்தனிப் பெயர் இருக்கிறது. தேனிரும்பு, வார்ப்பிரும்பு, எஃகு, உருக்கு. நம் ஆட்கள் கலவையை வைத்துத்தான் பெயர் வைத்திருக்கிறார்கள். கடையில் மட்டும் எல்லாவற்றையும் கம்பி என்ற ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். தூத்துக்குடிப் பக்கம் சிவகளையில் கிடைத்த இரும்பு கி.மு. 3345 வரை போகிறது என்று 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிக்கை வெளியிட்டபோது எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மூன்று நாள் திருவிழா. பெருமைதான், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அதே குழுவில் இருக்கிறவரிடமிருந்துதான் 550 இன்னும் சுத்தமா என்ற கேள்வியும் வந்தது.

பரங்கிப்பேட்டைக்கு வருகிறேன். நம் மாவட்டத்துக்காரர்களுக்கே பாதிப் பேருக்குத் தெரியாது, 1830-ல் இந்தியாவிலேயே ஐரோப்பிய முறையில் இரும்பு உருக்க முதன்முதலில் இறங்கிய ஊர்களில் ஒன்று நம் பரங்கிப்பேட்டை. வெள்ளைக்காரர்கள் போர்ட்டோ நோவோ என்பார்கள். ஜோசையா மார்ஷல் ஹீத் என்று ஒருவர், கிழக்கிந்தியக் கம்பெனி உத்தியோகத்தை விட்டுவிட்டு இதில் இறங்கினார். சேலத்துப் பக்கத்துத் தாது, விறகுக்கரி, வெள்ளாற்று முகத்துவாரம். இரும்பு கப்பலேறி இங்கிலாந்து வரைக்கும் போனது. ஆனால் உலைக்குப் போடக் கரி போதவில்லை, கடன் ஏறியது, சில பத்தாண்டுகளில் எல்லாம் முடிந்துவிட்டது.

அந்த மனிதர் ஊருக்குத் திரும்பிப் போனபின் செய்ததுதான் நான் சொல்ல வந்தது. 1839-ல் இங்கிலாந்தில் அவர் ஒரு காப்புரிமை வாங்கினார். உருக்கும்போது மாங்கனீசைக் கொஞ்சம் சேர்த்தால் மட்டமான இரும்பிலிருந்தும் நல்ல எஃகு வரும் என்பது. இரும்பில் கந்தகம் இருந்தால் காய்ச்சி அடிக்கும்போது விரிசல் விடும். மாங்கனீசு அந்தக் கந்தகத்தைப் பிடித்துக் கட்டிப்போட்டுவிடும். அதாவது ஒரு கலப்படத்தை இன்னொரு கலப்படத்தால் அடக்குகிறார். எஃகுக்குப் பேர்போன ஷெஃபீல்டு நகரில் எஃகு விலை இறங்கியது, அங்கிருந்த முதலாளிகள் அவர் முறையைக் கொஞ்சம் மாற்றிப் பயன்படுத்திக்கொண்டு பணம் தராமல் நழுவினார்கள், பாவம் கோர்ட்டு கேஸ் என்று அலைந்தே 1851-ல் செத்தும் போனார். இன்றைக்கு உங்கள் வீட்டுக் கம்பி எதை எடுத்துச் சோதித்தாலும் அதில் மாங்கனீசு இருக்கும். பரங்கிப்பேட்டையில் நொடித்துப்போன ஒருவரின் யோசனை அதில் கலந்திருக்கிறது.

டெல்லி இரும்புத் தூணைச் சொல்லாமல் விட்டால் யாராவது பதில் கடிதம் போடுவார்கள். ஏழு மீட்டருக்கு மேல் உயரம், ஆறு டன்னுக்கு மேல் எடை, 1600 வருஷமாக வெயிலிலும் மழையிலும் நிற்கிறது, சுத்தமான இரும்பு என்பதால்தான் துருப்பிடிக்கவில்லை என்று ஒரு பேச்சு உண்டு. கான்பூர் ஐஐடியில் இருந்த பேராசிரியர் ஆர். பாலசுப்ரமணியம் அதை ஆராய்ந்து எழுதியிருக்கிறார். காரணம் அதில் இருக்கும் பாஸ்பரஸ், சுமார் 0.25 சதவீதம். அதுதான் மேலே ஒரு மெல்லிய படலமாகப் படிந்து காப்பாற்றுகிறது. டெல்லிக் காற்றின் வறட்சியும் துணை. இன்றைய 500டி கம்பியில் பாஸ்பரஸ் 0.040-ஐத் தாண்டக் கூடாது, தூணில் இருப்பது அதைப்போல் ஆறு மடங்கு. அந்தத் தூணை உருக்கிக் கம்பி ஆக்கினால் கம்பிக்கான இந்தியத் தர விதியான ஐ.எஸ். 1786-ல் தேறாது. ஏனென்றால் பாஸ்பரஸ் அதிகமானால் கம்பி மொறுமொறுவென்று ஒடியும். தூண் சும்மா நிற்கிறது, வீட்டுக் கம்பி வளையவும் இழுபடவும் வேண்டும்.

அழுக்கு முக்கியமே இல்லை என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கந்தகமும் பாஸ்பரஸும் கெட்டவைதான். 500-ல் ஒவ்வொன்றும் 0.055 வரை விடுவார்கள், 500டி-யில் 0.040 வரைதான். பழைய இரும்பை வாங்கி இண்டக்ஷன் உலையில் உருக்கும் சின்ன ஆலைகளில் உள்ளே போன பாஸ்பரஸை வெளியே எடுப்பது கஷ்டம், போட்டதுதான் வரும். அதனால்தான் ஐஎஸ்ஐ முத்திரையும், கம்பியின் மேலேயே உருட்டி அச்சான கம்பெனிப் பெயரும் ரகமும் பார்க்க வேண்டும் என்பது. ஆனால் கேட்க வேண்டிய கேள்வி “சுத்தமா?” என்பது இல்லை, “எது எவ்வளவு?” என்பதுதான். சோதனைச் சான்றிதழ் கேளுங்கள், அதில் கார்பன், கந்தகம், பாஸ்பரஸ் எல்லாம் வரிசையாக இருக்கும். கடைக்காரர் முகம் சுளிப்பார். சுளிக்கட்டும். நானே சுளித்திருக்கிறேன்.

தங்கை வீட்டுக்காரர் கேட்ட 550-க்குப் பதில்: வேண்டாம் மாப்பிள்ளை. எண் ஏறினால் பலம் ஏறும், இழுபடும் குணம் இறங்கும். ஒடிவதற்கு முன் கம்பி எவ்வளவு நீள வேண்டும் என்று ஒரு கணக்கு உண்டு, 500-க்குக் குறைந்தது 12 சதவீதம், 550-க்கு 10, டி போட்ட 500-க்கு 16. ஒடிவதற்கு முன் நீண்டு எச்சரிக்கிற கம்பிதான் வீட்டுக்கு நல்லது.

டிஎம்டி என்பதையும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன். எங்கள் கடையில் நான் சேர்ந்த புதிதில் முறுக்குக் கம்பிதான், குளிர்ந்த கம்பியைப் பிடித்து முறுக்கிப் பலம் ஏற்றியது. டிஎம்டி வேறு. ஆலையில் செக்கச்செவேலென்று வரும் கம்பியின் மேல் தண்ணீரைப் பீய்ச்சி அடிப்பார்கள், மேல்தோல் இறுகிவிடும், உள்ளே சூடு அப்படியே இருக்கும், அந்தச் சூடு மெல்ல வெளியே வந்து தோலைப் பதப்படுத்தும். கம்பியை வெட்டி முகத்தைப் பளபளவென்று தேய்த்து ஆசிட் தடவினால் சுற்றிலும் கருப்பாக ஒரு வளையமும் நடுவில் வெளுப்பாகவும் தெரியும். பலகாரம் மாதிரிதான், வெளியே முறுகல், உள்ளே மெத்து. ஒரே கம்பி, கலவையும் ஒன்றே, தோலும் உள்ளும் மட்டும் வேறு குணம். இதில் தூய்மையை எங்கே போய் அளப்பது?

எடை விஷயம் இதைவிட அவசரம். உங்கள் பக்கத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கம்பியின் விட்டத்தை எம்எம்மில் எடுத்து, அதை அதாலேயே பெருக்கி, 162-ஆல் வகுங்கள். ஒரு மீட்டருக்கு எத்தனை கிலோ என்று வரும். 12 எம்எம் என்றால் 144-ஐ 162-ஆல் வகுத்து 0.888, முழு நீளம் 12 மீட்டருக்கு 10.66 கிலோ. 8 எம்எம் முழுக்கம்பி 4.74 கிலோ. கடையில் நான் அடிக்கடி பார்த்த காட்சி ஒன்று உண்டு. ஒரு டன் 12 எம்எம் இறக்கினால் 94 கம்பி வர வேண்டும். ஒருவர் எண்ணிப் பார்த்து 100 வந்திருக்கிறது என்று பூரித்துப்போவார், ஆறு கம்பி இலவசமாம். இலவசம் இல்லை சார், ஒவ்வொரு கம்பியும் 10 கிலோதான் இருக்கிறது, 12 எம்எம் என்று சொல்லி 11.6 கொடுத்திருக்கிறார்கள். இந்த அளவுக்கு ஐந்து சதவீதம் வரைதான் குறையலாம், இது ஆறைத் தாண்டுகிறது. இன்ஜினியர் படத்தில் பில்லருக்கு ஆறு கம்பி என்று போட்டிருந்தால் மேஸ்திரி எண்ணி ஆறுதான் கட்டுவார், எடை பார்த்துக் கட்ட மாட்டார். கூட வந்த ஆறு கம்பியும் கடைசியில் கொடி கட்டுவதற்கும் பந்தல் போடுவதற்கும்தான் போகும்.

இப்போது கடலோரத் தேவனாம்பட்டினம் பக்கம் இருக்கும் தங்கை வீட்டுக்கு வருகிறேன். 1996-ல் கட்டியது. கம்பி எங்கள் கடையிலிருந்துதான் போனது, பில் போட்டவன் நான்தான், தங்கை வீடாயிற்றே என்று கடையிலேயே உயர்ந்த ரகமாகப் பார்த்து நானே கையால் தட்டிப் பார்த்து ஏற்றிவிட்டேன். கம்பியில் ஒரு குறையும் சொல்ல முடியாது. போன மாதம் ஒரு நாள் விடியற்காலையில் ஜன்னல் சன்ஷேடின் அடிப்பக்கம் ஒரு முறம் அளவுக்குப் பெயர்ந்து தம்பி மகன் சைக்கிள் மேல் விழுந்தது. நல்ல வேளை, சைக்கிள் மட்டும்தான். தங்கை போன் போட்டு, “அண்ணே, நீ குடுத்த கம்பிண்ணே” என்றாள். ஒரு மாதிரி ஆகிவிட்டது.

போய்ப் பார்த்தேன். 8 எம்எம் கம்பி, தொட்டால் வெங்காயச் சருகு மாதிரி அடுக்கடுக்காகக் கையோடு வருகிறது. உதிர்த்துவிட்டுப் பார்த்தால் உள்ளே குடைக்கம்பி அளவுக்குத்தான் மிச்சம். துரு என்பது இரும்பு அளவுக்கே இருந்தால் பரவாயில்லை, அது இரண்டு மடங்கிலிருந்து ஆறு மடங்கு வரை உப்பும். உப்பினால் சுற்றியிருக்கும் கான்கிரீட் என்ன செய்யும், வெடித்துக்கொண்டு கீழே விழும். அதற்குமேல் கொடுமை, கம்பி இருந்த இடம். சன்ஷேடு சுவரிலிருந்து வெளியே தொங்குவது, அதற்கு இழுப்பு மேல்பக்கத்தில். கம்பி மேலே இருக்க வேண்டும். மேலே கட்டித்தான் இருப்பார்கள், கான்கிரீட் கொட்டும்போது ஏறி நின்று மிதித்து அடியில் போய்விட்டது. அடியில் மூடியிருந்த காரை அரை இஞ்சு இருந்தால் அதிகம். கம்பியும் தப்பான இடத்தில், மூடியும் போதாது. கிட்டத்தட்ட முப்பது வருஷம் நின்றதே அதிசயம். மேஸ்திரியைக் குறை சொல்லவும் ஆள் இல்லை, அவர் காலமாகிப் பத்து வருஷம் ஆகிறது.

இரும்பும் கான்கிரீட்டும் நல்ல ஜோடி. கான்கிரீட் அழுத்தம் தாங்கும், இழுத்தால் அதில் பத்தில் ஒரு பங்குதான் தாங்கும், அந்தக் குறையைக் கம்பி நிரப்புகிறது. வெயிலில் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவு நீள்கின்றன, பத்து மீட்டர் நீளத்துக்கு 30 டிகிரி சூடு ஏறினால் கம்பி 3.6 எம்எம், கான்கிரீட் 3 எம்எம். அலுமினியமாக இருந்தால் இதைப்போல் இரண்டு மடங்கு நீண்டு ஒட்டையே பிளந்துவிடும். சிமென்ட்டின் காரத்தன்மை கம்பியின் மேல் ஒரு காப்புப் படலத்தை வேறு உண்டாக்குகிறது. அந்தக் காரத்துக்குள் இருக்கும் வரை கம்பி துருப்பிடிக்காது. அந்தப் படலத்தை உடைப்பது உப்பு. ஆற்றுக்கே உப்பனாறு என்று பெயர் வைத்திருக்கிற ஊர் சார் நம்முடையது.

தங்கை வீட்டுக்குக் கான்கிரீட் கலந்ததும், பிறகு பத்து நாள் தண்ணீர் ஊற்றியதும் எல்லாம் வீட்டு போர் தண்ணியில்தான். அந்தத் தண்ணியில் டீ போட்டால் பால் திரிந்துவிடும், குடிக்க வெளியிலிருந்துதான் குடம் வரும். நாம் குடிக்காத தண்ணியைக் கம்பிக்குக் கொடுத்தோம். கம்பி போட்ட கான்கிரீட்டுக்குக் கலக்கும் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்று கான்கிரீட்டுக்கான தர விதிப் புத்தகம் ஐ.எஸ். 456 சொல்கிறது. கடல் தண்ணீரில் அது சுமார் 19,000. கடலோர போர் தண்ணி இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ இருக்கும், அது எங்கே என்று சோதித்தால்தான் தெரியும். குடிநீர் வடிகால் வாரியத்துக்குத் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடங்கள் இருக்கின்றன, ஒரு பாட்டில் தண்ணீரைக் கொடுத்துப் பார்க்கலாம். 96-ல் எனக்கு இது ஒன்றும் தெரியாது. கம்பி சுத்தமா என்று மட்டும் பார்த்தேன்.

அதே புத்தகத்தில் கம்பிக்கு மேல் மூடும் கான்கிரீட் எவ்வளவு இருக்க வேண்டும் என்றும் இருக்கிறது. உள்நாட்டில் மழை வெயில் படாத இடத்துக்கு 20 எம்எம் போதும். கடற்கரைக் காற்றுக்குத் திறந்திருந்தால் 45. அலையின் திவலை தெறிக்கும் இடமானால் 50. மூன்று இஞ்சு சன்ஷேடில் மேலே 45 விட்டால் கம்பி நடுவையும் தாண்டிக் கீழே போய் நிற்கும், அப்புறம் அது எதற்கு என்று மேஸ்திரி கேட்பார். நியாயமான கேள்விதான். அதற்குத்தான் கடலோரத்தில் சன்ஷேடைக் கொஞ்சம் தடியாகப் போடச் சொல்கிறார்கள். கடலை விட்டுத் தள்ளியிருக்கும் பண்ருட்டியில் போடுகிற சன்ஷேடையே கடலோரத் தாழங்குடாவிலும் போட்டால் எப்படி?

கடலோரத்துக்கென்றே துருவைத் தாமதிக்கும் கம்பி என்று சிஆர்எஸ் ரகம் இப்போது விற்கிறார்கள். அதில் செம்பும் குரோமியமும் கொஞ்சம் சேர்க்கிறார்கள். பார்த்தீர்களா, அங்கேயும் சேர்க்கத்தான் செய்கிறார்கள். நல்லதுதான், ஆனால் அது தாமதிக்கும், நிறுத்தாது. அரை இஞ்சு மூடியும் உப்புத் தண்ணியும் கொடுத்தால் அதுவும் போகும்.

இன்னொன்று, சின்ன விஷயம். வேலை நிற்கும்போது தெருவோரம் கிடக்கும் கம்பியில் லேசாகச் செம்மண் நிறத்தில் துரு ஏறினால் பயந்து சிமென்ட் பால் அடிக்கிறார்கள். வேண்டாம். லேசான துரு ஒன்றும் செய்யாது. உதிர்கிற துரு, மண், எண்ணெய், பெயின்ட் இவை இருக்கக் கூடாது, பிரஷ் போட்டுத் தேய்த்துவிட்டால் போதும். காய்ந்த சிமென்ட் பால்தான் உரிந்துகொண்டு வந்து கான்கிரீட்டைப் பிடிக்க விடாமல் செய்யும்.

ஆகவே அடுத்த ஞாயிறு ஒரு திருத்தம் போடுங்கள். எஃப்.இ. 500 என்பது பலத்தைக் குறிப்பது, தூய்மையை இல்லை என்று ஒரு வரி. அதற்குக் கீழே அந்த 162 கணக்கு ஒரு வரி. இடம் இருந்தால் தண்ணீரைப் பற்றி ஒரு வரி. கம்பி விளம்பரம் வரும் பக்கத்திலேயே போட்டால் இன்னும் நல்லது, அது உங்களுக்குச் சிரமம் என்றும் புரிகிறது. பழைய ஆட்கள் இன்றும் அரை இஞ்சு கம்பி என்றுதான் கேட்பார்கள், அவர்களுக்குக் கடையில் கொடுப்பது 12 எம்எம், அதையும் சேர்த்துப் போட்டால் கணக்குப் போடும்போது குழம்ப மாட்டார்கள்.

தங்கை வீட்டில் சன்ஷேடு முழுவதையும் இடித்தாகிவிட்டது. 500டி-யில் 8 எம்எம் எட்டுக் கம்பி போதும் என்று மாப்பிள்ளையிடம் சொல்லியிருக்கிறேன். கம்பிக்கு மூடி சரியாக நிற்க அடியில் வைக்கும் கவர் பிளாக் கட்டைகளை வாங்கி வந்து கூடத்தில் அடுக்கியிருக்கிறார், பேரப்பிள்ளைகள் அதை வைத்து வீடு கட்டி விளையாடுகிறார்கள். தண்ணீர் லாரி வெள்ளிக்கிழமை வருகிறது.

இப்படிக்கு,
முன்னாள் பில் போடுபவர்,
வண்டிப்பாளையம், கடலூர்